பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி.யா, கூடுதல் ரேமா?

மெதுவாகிப்போன லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு) அல்லது கூடுதல் ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி), இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். போவதற்கு முன் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்தப் பாகம் திணறுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா, மெமரி 90-ஐத் தாண்டுகிறதா? டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி., மெமரி என்றால் ரேம்; பாதி விடை அதிலேயே இருக்கிறது.

வேகம்
எஸ்.எஸ்.டி.: பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்.பி. படிக்கும், சாட்டா (ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் அதே இணைப்பு வகை) எஸ்.எஸ்.டி. 500 வரை போகும். அதைவிட முக்கியம், சுழலும் தட்டு இல்லாததால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை உடனே எடுத்துவிடும். விண்டோஸ் திறக்கத் தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான்.
ரேம்: திறக்கும் நேரம் பெரிதாகக் குறையாது. இருபது டேப் திறந்துவைப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

மாட்டுவது
எஸ்.எஸ்.டி.: பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸையும் இதற்குக் கொண்டுவர வேண்டும், அல்லது புதிதாகப் போட வேண்டும். முதலில் பேக்கப், அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர்.
ரேம்: காலி ஸ்லாட் இருந்தால் சில நிமிட வேலை. ஒல்லி மாடல்கள் பலவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். ரேம் வகையும் பார்த்து வாங்க வேண்டும்: டிடிஆர்3 இடத்தில் அடுத்த தலைமுறையான டிடிஆர்4 பொருந்தாது.

அதிர்ச்சி தாங்குவது
எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க்கைவிட நன்றாகத் தாங்கும். ரேமில் இந்தக் கவலையே இல்லை.

இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறதா? சரி, யோசிக்காமல் எஸ்.எஸ்.டி. ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருந்து, ரேம் 4 ஜி.பி.தான் என்றால் 8 ஆக்குங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யூ.எஸ்.பி. கேஸில் போட்டு, படங்களின் கூடுதல் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம்.