பழைய தேக்கு சாமான கடைல விட்டு கிரீன்ஹவுஸ் செய்யச் சொல்றவங்க உஷார்

ஏற்காட்டுல இருந்து கீழ சேலத்துக்கு மர வேலை குடுத்து அனுப்பறவங்க இத படிச்சிருங்க. எங்க மாமியாரோட தேக்கு பீரோ, முன்னாடி ரெண்டு கண்ணாடிக் கதவு, சும்மாதான் கெடந்துச்சு, அத கொல்லைல வச்சு சின்ன கிரீன்ஹவுஸா மாத்திட்டா ஐப்பசி கார்த்திகை மழைலயும் பனிலயும் தக்காளி, குடைமிளகா நாத்து அழுகாம நிக்கும்னு ப்ளான். சேலத்துல பழைய சாமான் வாங்கி விக்கிற ஒரு கடைக்காரரு, "அக்கா கவலையே படாதீங்க, கூரை சரிவா போட்டு யூவி ஷீட் அடிச்சு ஜம்முன்னு குடுத்தர்றேன், ஆனா மெஷின் இங்கதான் இருக்கு, பீரோவ அனுப்பிருங்க"ன்னாரு. 8,000 ரூவா அட்வான்ஸ் ஜிபேல போட்டோம். பில் கேட்டதுக்கு "நமக்குள்ள எதுக்குக்கா பில்லு"ங்கறாரு.

இழுத்து இழுத்து ஒருவழியா டெம்போல வந்து எறங்குச்சு, மொத்தமும் பச்சை எனாமல் பெயிண்ட். போறப்ப நாலு பேரு மூச்சு வாங்க ஏத்தின பீரோங்க அது, இப்ப டிரைவரும் கூட வந்த பையனும் அசால்ட்டா தூக்கி வைக்கிறாங்க. காலுக்கு அடில பெயிண்ட் படாத எடத்துல கத்தியால சுரண்டிப் பாத்தா வெளுத்த மரம், தேக்கு வாசமே இல்ல. கதவு ரெண்டு மட்டும்தான் நம்மளது. முதுகுப் பலகை பார்ட்டிக்கிள் போர்டு, மொத மழைக்கே டீல முக்குன பன்னு மாதிரி உப்பி ஓரமெல்லாம் தூளா உதிருது. ஷீட்டும் யூவி கெடையாது, சாதா பாலிதீன், வெயில் பட்டுப் பட்டு மடிப்புல கிழிஞ்சிருச்சு. சூடு வெளிய போக மேல ஒரு ஜன்னல் வைங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், வைக்கல, வெயிலடிச்ச ஒரு மத்தியானத்துல நாத்தெல்லாம் வெந்து தொங்கிருச்சு.

கேட்டா, "மரம் உளுத்துப் போச்சுக்கா, நல்லதா மாத்தினேன்"ங்கறாரு. சரி, அந்த உளுத்த பலகையத் திருப்பிக் குடுங்கன்னா "அடுப்புக்குப் போயிருச்சு"ங்கறாரு. தேக்க அடுப்புல வச்ச மொத ஆளு இவருதான்!

வேலைய வீட்லயே வச்சு செய்யச் சொல்லுங்க, கடைக்கு அனுப்பியே ஆகணும்னா ஒவ்வொரு பலகைலயும் உள்பக்கமா ஆணில கீறி போட்டோ எடுத்து வச்சிருங்க, ப்ரைமர் அடிக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய் பாத்துருங்க. ஏமாந்தவங்க நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிங்க. சேலம் நுகர்வோர் கோர்ட்டுக்கே போனாலும் நாம குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளனா ஃபீஸ் இல்ல, ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸப் மெசேஜ் எதையும் அழிச்சிராதீங்க. நான் 1915ல பதிஞ்சுட்டேன். அந்த மனுசன் என்னடான்னா பாக்கி பணம் எப்பக்கா போடுவீங்கன்னு நேத்தும் போன் பண்றாரு.