மூன்று வருஷம், மூன்று கேம் கருவிகள்: யாருக்கு எது ஒத்துவந்தது

எங்கள் வீட்டில் டிவி ஒன்றுதான். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து வரை அது அம்மாவின் சீரியலுக்கு. கேம் கருவி வாங்க நினைப்பவர்கள் டெராஃப்ளாப்ஸ் (கருவியின் வேகத்தைச் சொல்லும் அளவு) கணக்கு பார்க்குமுன் தங்கள் வீட்டு டிவியின் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு இது புரியக் கொஞ்சம் செலவானது.

முதலில் வாங்கியது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். 2020 நவம்பரில் வந்தபோது இந்திய விலை 34,990 ரூபாய். எங்களுடையது சாதாரண 1080பி டிவி, அதற்கு இது தாராளம். தம்பிக்காக வாங்கினோம், அவனுக்குக் கால்பந்து கேம் ஒன்றே உலகம். இதில் எனக்குப் பிடித்தது குவிக் ரெஸ்யூம். விட்ட நிலையை எஸ்எஸ்டி என்னும் உள்சேமிப்பில் எழுதி வைத்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போய்த் திரும்பினாலும் பல கேம்கள் அதே இடத்திலிருந்து தொடரும்.

இடம்தான் குறைவு. 512 ஜிபி என்று போட்டிருக்கும், கைக்குக் கிடைப்பது சுமார் 364. கால் ஆஃப் ட்யூட்டி ஒன்றை ஏற்றினாலே நூறு ஜிபிக்கு மேல் காலி. சாதாரண யூஎஸ்பி டிரைவில் புதுத் தலைமுறை கேம்களைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்து ஓட்ட முடியாது. டிஸ்க் டிரைவும் கிடையாது. செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கி ஆடி முடித்து விற்கும் வழக்கம் உள்ளவர்கள் கருவியில் மிச்சம் பிடித்ததை கேம்களில் விட்டுவிடுவார்கள். சந்தாவுக்குள் பல கேம்களை ஆடவிடும் கேம் பாஸ் கட்டினால் சமாளிக்கலாம், ஆனால் மாதாமாதம் பால் கணக்கு மாதிரி அதுவும் ஒரு கணக்கு.

இரண்டாவது நின்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி. ஒன்பது வயது மகளுக்கு என்று சொல்லி வாங்கினேன். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது இறக்குமதிச் சரக்கு. கம்பெனி வாரண்டியை மறந்துவிட வேண்டும். ஜாய்-கான் (திரையின் இரு பக்கமும் மாட்டும் சிறு கன்ட்ரோலர்) ஸ்டிக் தொடாமலே ஒரு பக்கம் இழுக்கும் சிக்கல் ஊரறிந்தது என்பதால், வாங்கும்போதே பழுது பார்ப்பவரையும் விசாரித்து வைத்தேன். இதுவரை தேவைப்படவில்லை.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. இரண்டு ஜாய்-கானையும் கழற்றிக் கையில் கொடுத்தால் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் போன்ற கேம்களை இரண்டு பேர் ஆடலாம், தனி கன்ட்ரோலர் செலவில்லை. டிவி கிடைக்காத நேரத்தில் ஏழு அங்குலத் திரையே போதும். கேமின் விலை சட்டென்று இறங்காது, உண்மைதான்; ஆனால் கார்ட்ரிட்ஜை ஆடி முடித்து நல்ல விலைக்கு விற்கலாம். அந்தக் கார்ட்ரிட்ஜில் குழந்தைகள் வாயில் போடாமலிருக்கக் கசப்பு மருந்து தடவியிருக்கும். நானே நக்கிப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து எவ்வளவோ தேவலை.

மூன்றாவது ஸ்டீம் டெக், பிசி கேம்களைக் கையில் வைத்து ஆடும் கருவி, நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இது எனக்கு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விலை ரூபாயிலேயே இருக்கும், தள்ளுபடிக் காலத்தில் ஏற்கெனவே வாங்கிக் குவித்தவை எல்லாம் இதில் வந்துவிட்டன. ஆன்லைனில் ஆடத் தனிச் சந்தாவும் வேண்டாம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம்; பவர் பட்டனைத் தட்டினால் உறங்கும், மறுநாள் அதே காட்சியில் விழிக்கும்.

669 கிராம் எடை, படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு சொல்லும். பெரிய கேம்களில் இரண்டு மணி நேரத்தில் சார்ஜர் தேடுவேன். விண்டோஸில் இல்லாமல் லினக்ஸில் ஓடுவதால் வாலரண்ட், ஃபோர்ட்நைட் போன்ற ஆன்லைன் கேம்கள் கிடையாது. காலேஜ் பையன்கள் இதைக் கேட்டால் முதலில் என்ன ஆடுகிறாய் என்றுதான் கேட்பேன். தாம்பரம்–பீச் ரயிலில் ஆட நினைப்பவருக்கும் இது சரிவராது. ஸ்விட்ச்சின் சின்ன வடிவமான 275 கிராம் ஸ்விட்ச் லைட் போதும், டிவியில் இணைக்க முடியாது என்பதைப் பொறுத்துக்கொண்டால்.

இப்போது ஒன்றை விற்கச் சொன்னால் சீரிஸ் எஸ்ஸைத்தான் விற்பேன். தம்பி காதில் விழாமல் சொல்கிறேன்.