இரணைமடுக் குளமா, எங்கள் ஊர்க் கிணறா?

கிளிநொச்சியில் வயல் செய்கிறவருக்கு இரணைமடுக் குளம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் வெங்காயம் வைக்கிறவருக்குக் கிணறு. குளத்தில் எனக்குப் பிடித்தது, இறைக்க எண்ணெய்ச் செலவு இல்லாதது. கனகராயன் ஆற்றை மறித்த மண் அணைக்கட்டு அது. மாரித் தண்ணீரை உயரத்தில் தேக்கி வைக்கிறது, துருசை (மதகை) திறந்தால் வாய்க்கால் வழியே தானாகவே இறங்கி வயலுக்குப் போகிறது. மிஞ்சினது வான் பாயும், அதாவது அதற்கென்று விட்ட வழியால் வெளியேறும். அந்த வழி இல்லாவிட்டால் வெள்ளம் கட்டுக்கு மேலால் ஏறி மண்ணை அரித்து அணையையே கொண்டுபோய்விடும். ஆனால் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) எத்தனை ஏக்கர் என்பதை நீர்மட்டம் பார்த்து, கூட்டம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும்.

கிணற்றில் நினைத்த நேரம் இறைக்கலாம். சரி, ஆனால் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல்தான் நிற்கிறது, மோட்டரைப் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழே கிடக்கிற உவர் மேலே ஏறிவிடும். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் நைத்திரேற்றாகி அதே நிலத்தடி நீரில்தான் சேர்கிறது, அதைத்தான் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

இங்கே ஆறென்று சொல்ல மாரியில் ஓடும் வழுக்கையாறுதான், பெரிய அணை கட்ட மேடு பள்ளமும் இல்லை. அதனால் எங்களுக்குக் கிணறுதான். ஆனால் ஊர்க் குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துக்குள் இறங்க விட வேண்டும், அதை இந்தக் கோடையிலேயே தொடங்க வேண்டும்.