ஹிக்விஷன் 4 மெகாபிக்சல் டோம் கேமரா: மாட்டலாம், நெட் கொடுக்கக் கூடாது

சீன நிறுவனமான ஹிக்விஷனின் இந்தக் கேமராப் பெட்டியில் டிஎஸ்-2சிடி2143ஜி2-ஐ என்று போட்டிருக்கும். படத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இந்த டோமைக் குறை சொல்வது கஷ்டம். 2688×1520 படம், எச்.265+ சுருக்கம், இருட்டில் 30 மீட்டர் வரை எட்டும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு, மழைக்கு ஐபி67, கல்லடிக்கு ஐகே10. 120 டெசிபல் டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் வசதி) இருப்பதால், வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும் கடைக்குள் நுழைபவரின் முகம் கறுத்துப் போகாது. ஒரே கேபிளில் கரண்டும் டேட்டாவும் வந்துவிடும் (பிஓஇ). 3 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு கேமரா நாளுக்கு 32 ஜிபி தின்னும்; நாலு கேமராவுக்கு 4 டிபி டிஸ்க் போட்டால் ஏறக்குறைய 30 நாள் பதிவு நிற்கும். மாட்டும்போது டோம் மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேகை பட்டால் ராத்திரியில் ஐஆர் வெளிச்சம் அதில் சிதறி, படம் முழுக்கப் புகை மண்டிவிடும்.

விலைக்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த லென்சுக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்கிறது. அதை யார் கையாள முடியும் என்பதற்கு இந்த நிறுவனத்தின் பழைய கணக்கு நன்றாக இல்லை.

மென்பொருள் ஓட்டைகளுக்கு சிவிஇ என்று பொது எண் கொடுப்பார்கள். 2017-இல் வெளிவந்த சிவிஇ-2017-7921: முகவரியோடு ஒரு சிறு சரத்தை ஒட்டினால் பாஸ்வேர்ட் கேட்காமலே கேமரா திறந்துகொண்டது. 2021 செப்டம்பரில் சிவிஇ-2021-36260: கேமராவின் வெப் போர்ட்டை எட்ட முடிந்தால் போதும், யூசர் பெயரே இல்லாமல் ரூட் அதிகாரம், அதாவது கேமராவின் முழுக் கட்டுப்பாடு, கிடைக்கும். அது உரிமையாளருக்கே தரப்படாத அதிகாரம். 10-க்கு 9.8 என்று தீவிரம் குறிக்கப்பட்ட ஓட்டை இது. நுழைந்த தடயம் கேமராவின் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) கூட விழாது. ரூட் கையில் இருந்தால் படம் பார்ப்பது சின்ன விஷயம். அதே நெட்வொர்க் சுவிட்சில் இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டரை அங்கிருந்து துழாவலாம்.

இவை சீன அரசு வேண்டுமென்றே வைத்த கதவுகள் என்பதற்குப் பொதுவெளியில் ஆதாரம் கிடையாது. நிறுவனமும் அதை மறுக்கிறது. மறுபக்கம், அதன் பெரிய பங்குதாரர் சிஇடிசி என்ற சீன அரசு நிறுவனம். 2017-இன் தேசிய உளவுச் சட்டம் 7-ஆம் பிரிவு, சீன நிறுவனங்கள் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கா தன் 2019 பாதுகாப்புச் சட்டத்தின் 889-ஆம் பிரிவில் அரசுக் கொள்முதலிலிருந்து இதை விலக்கியது. பிரிட்டன் 2022 நவம்பரில் முக்கிய அரசு இடங்களில் இனி மாட்ட வேண்டாம் என்றது. ஆஸ்திரேலியா 2023-இல் தன் அரசுக் கட்டடங்களில் எண்ணிப் பார்த்தபோது சீனத் தயாரிப்புக் கருவிகள் 900-க்கு மேல் இருந்தன.

ஓட்டை இருந்தால், தயாரித்த நாடுதான் உள்ளே வரும் என்றில்லை. 2024 ஜனவரி 2 அன்று கீவ் மீது ரஷ்யா நடத்திய தாக்குதலுக்கு முன், குடியிருப்புகளில் இருந்த இரண்டு கேமராக்களை ரஷ்ய உளவுத்துறை கைப்பற்றி, ஒன்றின் கோணத்தைத் திருப்பி யூடியூபில் நேரலை விட்டதாக உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான எஸ்பியு அறிவித்தது. பார்க்கிங்கைக் கண்காணிக்க மாட்டியது ஏவுகணைக்கு வழிகாட்டியாகிவிட்டது.

சரி, ஏற்கெனவே சுவரில் இருப்பதை என்ன செய்வது? முதலில் ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள் ஓடும் மென்பொருள். சிஸ்டம் பக்கத்தில் பில்ட் எண் ஆறு இலக்கத்தில் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள். 2021 செப்டம்பருக்கு முந்தையது என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. சீன உள்ளூர்ச் சந்தைக்கான கேமராவில் ஆங்கில மெனுவைத் திணித்து விற்ற சரக்கு நிறைய. சீரியல் எண்ணின் நடுவே டபிள்யூஆர் இருந்தால் உலகச் சந்தைக்கானது, சிஎச் என்றால் சீனாவுக்கானது. சிஎச் கேமராவில் உலகப் பதிப்பை ஏற்றினால் செத்துப்போகலாம், அல்லது மெனு சீனத்துக்குத் திரும்பும். அதனால் யாரும் அப்டேட் செய்வதில்லை, ஓட்டை அப்படியே கிடக்கும். அதைத் தூக்கிப் போடுவதுதான் வைத்தியம். வேறு பிராண்ட் பெயர் ஒட்டியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். நெட்வொர்க்கில் கேமராக்களைத் தேடும் ஹிக்விஷனின் எஸ்ஏடிபி மென்பொருளை ஓட்டினால் பெயர் மாற்றி விற்றதும் பட்டியலில் வந்து நிற்கும்.

அடுத்தது ரூட்டர். போர்ட் ஃபார்வர்டிங்கில் (இணையத்திலிருந்து உள்ளே வர ரூட்டர் திறக்கும் வழி) 80, 443, 554, 8000 எது இருந்தாலும் நீக்குங்கள், அந்த வழியைத் தானாகவே திறந்துவிடும் யூபிஎன்பி-யை அணையுங்கள். பிறகு கேமராக்களையும் என்விஆரையும் (பதிவுப் பெட்டி) தனி விலானில் (நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பகுதி) போட்டு, அங்கிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் ரூட்டரின் தடுப்பு விதிகளான ஃபயர்வாலில் மறியுங்கள். கேமரா அமைப்பில் கேட்வேயை (வெளியே போகும் வழியின் முகவரி) காலியாக விட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது அரை வேலை: கைப்பற்றப்பட்ட கேமரா அந்த அமைப்பை மதிக்க வேண்டிய அவசியமில்லை. போதாததற்கு, வெளியிலிருந்து பார்க்கப் போடும் விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) வேறு சப்நெட்டில், அதாவது வேறு முகவரித் தொகுப்பில், இருந்தால் பதில் அனுப்ப வழி தெரியாமல் கேமரா ஊமையாகிவிடும். கேட்வேயை அப்படியே இருக்கவிட்டு ஃபயர்வாலில் மறிப்பதே சரி.

பலர் சறுக்குவது என்விஆரில். கேமராவைப் பின்பக்க பிஓஇ போர்ட்டில் செருகியதும் அது தனி நெட்வொர்க்கில் ஒதுங்கிவிடுகிறது, நிம்மதி. உடனே அதே என்விஆரில் ஹிக்விஷனின் இணையச் சேவையான ஹிக்-கனெக்ட்டை ஆன் செய்து மொபைலில் பார்க்கத் தொடங்குகிறார்கள். முன்கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்ட மாதிரி. என்விஆரும் அதே கம்பெனிப் பெட்டிதான்.

மறித்தது வேலை செய்கிறதா என்று பார்க்க, கேமராவை ரீஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஃபயர்வால் லாகைப் பாருங்கள். 53 (டிஎன்எஸ்), 123 (நேரம்) போர்ட்டுகளுக்கு முட்டி மோதிக்கொண்டிருப்பது தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் விதி தப்பான இடத்தில் இருக்கிறது. ஐபிவி4-ஐ மறித்துவிட்டு ஐபிவி6-ஐ மறப்பது வாடிக்கை. இரண்டுக்கும் விதி எழுதுங்கள்.

இதற்கெல்லாம் விலை உண்டு. மொபைலுக்கு வரும் அலர்ட் நின்றுவிடும். இணைய நேரம் கிடைக்காமல் கடிகாரம் மெல்ல விலகும். திருட்டு நடந்த பிறகு பதிவில் ஏழு நிமிடம் தள்ளியிருந்தால் வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். ரூட்டரையே என்டிபி (நேரம் சொல்லும்) சர்வராக்கி அதன் முகவரியைக் கொடுத்தால் தீர்ந்தது. வெளியிலிருந்து பார்க்க ரூட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன், யுடிபி போர்ட் 51820. பல ஃபைபர் இணைப்புகள் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருப்பதால் நேரடியாக எட்டாது; ஸ்டாடிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது ஒரு சிறு விபிஎஸ் (வாடகை இணைய சர்வர்) வழியாகச் சுற்றி வர வேண்டும். சிம் போட்ட 4ஜி கேமராவுக்கு இந்தத் தடுப்பு எதுவும் ஒத்துவராது. அது உங்கள் ரூட்டர் பக்கமே வருவதில்லை.

இந்தியாவில் புதிதாக வாங்குபவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. சிசிடிவி கேமராக்களுக்கான மத்திய அரசின் 2024 ஏப்ரல் 9 அறிவிக்கையின் விதிகள் 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் உள்ளன: சர்க்யூட் பலகையில் இருக்கும் யுஆர்ட், ஜேடேக் டீபக் போர்ட்டுகள் (பழுது பார்க்கும் வழிகள்) மூடியோ பாதுகாக்கப்பட்டோ இருக்க வேண்டும், ஃபர்ம்வேர் ஏறும் முன் அதன் உண்மைத்தன்மை சரிபார்க்கப்பட வேண்டும், ஆய்வகச் சோதனையில் தேற வேண்டும். கடைக்காரரிடம் பிராண்டைக் கேட்காமல், அந்த மாடல் எண்ணுக்கான சான்றிதழைக் கேளுங்கள். ‘பழைய ஸ்டாக், விலை கம்மி’ என்றால் கம்மிக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

மளிகைக் கடை, குடோன், வீட்டு வாசல்: மேலே சொன்ன ஃபயர்வால் இருந்தால் ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஃபயர்வால் போட ஆள் இல்லை, மொபைலில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு. காவல் நிலையம், துணைமின் நிலையம், வங்கி சர்வர் ரூம் என்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். எங்கே மாட்டினாலும், கதவுப் பூட்டின் ரகசிய எண் அழுத்தும் பலகையோ கல்லாக் கம்ப்யூட்டரின் கீபோர்டோ படத்துக்குள் விழாதபடி கோணத்தைத் திருப்பிவிட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள்.