தெர்மல் லேபிள் பிரிண்டரோடு மூன்றரை வருடம்: மெஷின் நல்லது, தாள்தான் தகராறு

போன வாரம் என் லேபிள் பிரிண்டருக்கு ஹெட், அதாவது தாளைச் சூடாக்கி எழுத்தை எழுப்பும் பாகம், மாற்றி வாங்கி வந்தேன். அதே வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து, "உங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எப்படி உழைக்குது?" என்று கேட்டார். பத்து நிமிடம் அதைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் "வேண்டாம், வாங்காதீங்க" என்று முடித்தேன். அவர் குழம்பிப் போனார். அவருக்குச் சரியாகச் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான்கு அங்குல அகலம், 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி), நேரடித் தெர்மல், அதாவது சூடு பட்டால் தாளே கறுக்கும் வகை, மையும் கிடையாது ரிப்பனும் கிடையாது. மற்ற விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எனக்கு மின்னணுச் சாமான்களைப் பழுது பார்க்கிற பழக்கம். மேசைக்குப் பின்னால் இருநூற்றுச் சொச்சம் சின்ன டிராயர்கள், மேலே ஒரு தட்டு நிறைய ரசாயன பாட்டில்கள். இவற்றுக்கெல்லாம் பெயர் ஒட்டத்தான் இதை வாங்கினேன்.

அதற்கு முன் லேபிள் அடித்தது சாய மை போடும் ஓர் இங்க்ஜெட்டில். ஈர விரல் பட்டால் போதும், கருப்பு எழுத்தின் ஓரத்தில் நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று கசிந்து ஓடும். சாயம் தண்ணீரில் கரைந்துதான் மையாகவே இருக்கிறது. தாளில் அதைப் பிடித்து வைக்க ஒரு பூச்சு இல்லையென்றால், அடுத்து வருகிற தண்ணீரோடு கிளம்பிவிடும். அது கூடப் பரவாயில்லை. இரண்டு மாதம் தொடாமல் விட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். அந்த மையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சீக்கிரம் காயாமல் இருக்கக் கிளிசரினும் கிளைக்கால்களும் சேர்க்கிறார்கள். இருந்தாலும், தலைமுடியை விட மெல்லிய ஒரு துளையின் வாயில் நிற்கிற மை எத்தனை நாள் தாங்கும்? சுத்தம் செய்கிற கட்டளை கொடுத்தால் நல்ல மையை உறிஞ்சி, அடியில் இருக்கும் பஞ்சில் கொண்டுபோய்க் கொட்டும். லேபிளுக்குப் போன மையை விடப் பஞ்சுக்குப் போன மைதான் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த எரிச்சலில் இருந்த எனக்குத் தெர்மல் பிரிண்டர் தந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. எத்தனை நாள் கழித்துப் போட்டாலும் முதல் லேபிளே பளிச்சென்று வரும். காய வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு என்ற கணக்கில் வரிசையாக நிற்கும் நுண்ணிய சூடேற்றிகள், அவற்றைத் தொட்டபடி ஓடுகிற தாள், அவ்வளவுதான் மெஷின். ஒரு முறை ஒன்பது வாரம் மூடி வைத்திருந்து திறந்தேன். ஒரு பொத்தான், ஒரு லேபிள். அடைப்பு, கோடு, எதுவும் இல்லை.

இதை மறுக்கவே முடியாது. ஆனால் கதை இதோடு முடியவில்லை.

வாங்கி எட்டு மாதம் இருக்கும். ஒரு டிராயரில் மின்தேக்கிகள் தேடினேன். லேபிள் இருந்தது, எழுத்து இல்லை. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் வெளிறிய சாம்பலில் ஏதோ தெரிந்தது. பக்கத்து டிராயரில் அதே நாள், அதே ரோலில் அடித்தது கன்னங்கரேலென்று இருந்தது. வெயில் காரணமாக இருக்க முடியாது, இரண்டும் ஒரே மூலையில்தான் இருக்கின்றன. ஒரே வித்தியாசம், வெளுத்துப் போனதன் மேல் ஒட்டும் டேப் போட்டிருந்தேன். எழுத்து அழியாமல் இருக்கட்டும் என்று போட்ட டேப்.

அப்புறம்தான் இந்தத் தாள் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். மூன்று பொருட்கள் பொடியாக, ஒன்றையொன்று கரைத்துக்கொள்ளாமல், ஒரு பசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்று லூக்கோ சாயம். தன் மூலக்கூறில் லாக்டோன் என்கிற ஓர் அணு வளையம் மூடியிருக்கும்வரை அதற்கு நிறமில்லை. இரண்டாவது ஒரு மென்மையான அமிலம், டெவலப்பர் என்பார்கள். மூன்றாவது மெழுகு மாதிரி சீக்கிரம் உருகும் ஒரு பொருள். ஹெட் சூடாகும்போது மெழுகு உருகி மற்ற இரண்டையும் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அமிலம் சாயத்தைத் தொட்டதும் வளையம் திறக்கும், சாயம் கருப்பாகும். தாளில் மை எதுவும் போய் ஒட்டுவதில்லை. நாம் பார்க்கிற கருப்பு, இரண்டு பொருட்கள் அருகருகே இருக்கிற நிலைமை மட்டும்தான்.

என் கோபமெல்லாம் இங்கேதான். அந்த இரண்டையும் யாராவது பிரித்துவிட்டால் வளையம் மறுபடி மூடிக்கொள்ளும், கருப்பு போய்விடும். டேப்பின் பசையில் இருக்கிற பொருட்கள் அதைச் செய்யும். கை எண்ணெய் செய்யும். மென்மையான பிவிசி உறைகளில் வளைவதற்காகச் சேர்க்கிற பிளாஸ்டிசைசர் மிக நன்றாகச் செய்யும், ஏனென்றால் அது பிளாஸ்டிக்கில் கட்டுண்டு கிடப்பதில்லை, மெதுவாக வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும். மெழுகு சேர்த்து வைத்ததை எண்ணெய் பிரித்து வைக்கிறது.

நம்பாமல் நானே செய்து பார்த்தேன். ஒரே ரோலில் ஆறு லேபிள். ஒன்று காகித உறைக்குள், ஒன்று ஜன்னலில், ஒன்று பிவிசி உறைக்குள், ஒன்று பாலிபுரொப்பிலின் உறைக்குள், ஒன்றின் மேல் டேப். ஆறாவதன் மேல் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆல்கஹால் சொட்டுதான் முதலில் பேசியது, அதுவும் தலைகீழாக! ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. காயக் காய, வெள்ளையாக இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் எழுந்தது, ஓரத்தில் இன்னும் அழுத்தமாக, தீய்ந்த அப்பளத்தின் விளிம்பு போல. சூடே இல்லாமல் ஆல்கஹால் இரண்டு பொடியையும் கரைத்துச் சேர்த்துவிட்டது. பிவிசி உறையில் வைத்தது மூன்றாவது வாரம் பார்த்தபோது படிக்க முடியாமல் போயிருந்தது. பாலிபுரொப்பிலினில் வைத்ததும் காகித உறையில் வைத்ததும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. ஜன்னலில் இருந்ததில் எழுத்து பழுப்பாகி, தாள் மஞ்சளடித்துவிட்டது.

ஒரே தாள், ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் கறுக்கிறது, இன்னொருவர் வந்தால் வெளுக்கிறது. என் தட்டில் ஆல்கஹாலும் இருக்கிறது, பிவிசியும் இருக்கிறது.

சரி, இதற்கு மருந்து உண்டு. மேல்பூச்சு போட்ட லேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். சாய அடுக்குக்கு மேல் பாலிவினைல் ஆல்கஹால் மாதிரி ஒரு பாலிமர் படலம் போட்டிருப்பார்கள், எண்ணெயும் கரைப்பானும் உள்ளே இறங்காது. வாங்கினேன். ஆல்கஹால் சொட்டைத் துடைத்தால் தடமே இல்லை. ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் கம்பிச் சுருள்கள் வைக்கிற பைகளில் லேபிள்கள் வெளுக்க ஆரம்பித்தன. மேலே டேப் இல்லை, கை படுவதில்லை. உரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பை மென்மையான பிவிசி. பிளாஸ்டிசைசர் பையிலிருந்து லேபிளின் கோந்துக்குள் ஏறி, தாளைக் கடந்து, பின்பக்கமாகச் சாயத்தைத் தொட்டிருக்கிறது. பின்னாலும் தடுப்புப் பூச்சு போட்ட லேபிள்கள் தனியாக உண்டு. ரோலின் அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி அச்சிட்டால் என்ன? 'தெர்மல் லேபிள், உயர்தரம்' என்று மட்டும் போட்டு விற்கிறார்கள். எனக்குப் பிரிண்டர் மேல் வராத கோபம் அந்த அட்டைப்பெட்டி மேல் வந்தது.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்ல வேண்டும். முதலில் லேபிள் வெளுத்தபோது, அச்சு அழுத்தமாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கருமையின் அளவை மெஷினில் உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். வெளுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு கருப்பாக அடித்தாலும் பிளாஸ்டிசைசர் வந்தால் போய்விடும். ஆனால் ஹெட் பாடு பட்டது. போன மாதம் எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் நெடுக ஒரு வெள்ளைக் கோடு, நூலை விட மெல்லியது. ஒரு சூடேற்றி செத்துவிட்டது. பழுது பார்த்தவர் ஹெட்டைச் சாய்த்துக் காட்டினார். மேலே மெல்லிய கண்ணாடிப் பூச்சு, அதில் தாள் ஓடிய இடம் மட்டும் பளபளப்பு போய் மங்கியிருந்தது. மட்டமான ரோல்களின் தூளும் லேபிள் ஓரத்தில் கசிந்த கோந்தும் சேர்ந்து அரைத்திருக்கின்றன என்றார். நல்ல தெர்மல் தாளின் பூச்சில் ஹெட் வழுக்கி ஓடுவதற்கென்றே மெழுகும் ஸ்டியரேட்டும் சேர்ப்பார்கள். சல்லிசான ரோலில் மிச்சம் பிடிப்பது இதில்தான்.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னபடி ஹெட்டை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒரு லேபிள் அடித்தேன். பழைய ரோல், மேல்பூச்சு இல்லாதது. முதல் லேபிளின் முனையில் குறுக்காகக் கருப்புத் தீற்றல். ஹெட் காயவில்லை. துடைத்த பிறகு இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

டெவலப்பர் பற்றி ஒரு வார்த்தை. நெடுங்காலமாக அந்த இடத்தில் பிஸ்பீனால் ஏ இருந்தது, உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய ஒரு ரசாயனம். அது தாளில் கட்டுண்டு கிடக்காமல் தனியாகக் கிடப்பதால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் தெர்மல் தாளில் அதை எடையில் 0.02 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. பலர் பிஸ்பீனால் எஸ்ஸுக்கு மாறினார்கள். பெயரில் ஓர் எழுத்துதான் மாற்றம் என்பதால் எனக்கு அதில் திருப்தி இல்லை. பீனால் இல்லாதது என்று போட்ட ரோல்தான் இப்போது வாங்குகிறேன். டெவலப்பரே இல்லாத தாளும் வந்துவிட்டது. அடியில் கருப்பு அடுக்கு, மேலே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த ஒரு பூச்சு. சூட்டில் குமிழ்கள் அமுங்கி, அந்த இடம் கண்ணாடி போலாகிக் கீழே உள்ள கருப்பு தெரியும். பிரிய வேண்டிய ஜோடி எதுவும் அதில் இல்லை. யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அழியாத லேபிள்தான் வேண்டும் என்றால், ரிப்பன் போடுகிற தெர்மல் டிரான்ஸ்பர் பிரிண்டர். அதிலும் அதே மாதிரி ஹெட்தான். ஆனால் சூடாவது தாளல்ல, மெல்லிய பாலியெஸ்டர் படலத்தில் பூசிய கார்பன் கருப்பு. அது உருகி லேபிளுக்கு இடம் மாறும். மெழுகு ரிப்பன் நகம் பட்டால் கீறும், ரெசின் ரிப்பனுக்குச் சூடு அதிகம் வேண்டும், ஆனால் ஆல்கஹாலில் துடைத்தாலும் அசையாது. ஹெட் தாளில் உரசாது, ரிப்பனின் முதுகில்தான் ஓடும்.

நண்பருக்கு வருகிறேன். அவருடைய அப்பா நாற்பது வருடம் எடுத்த பிலிம் சுருள்களை உறை உறையாகப் போட்டு, யார், எந்த வருடம், எந்த விசேஷம் என்று லேபிள் ஒட்டப் போகிறாராம். எந்த உறை என்று கேட்டேன். பழைய ஆல்பத்தில் இருந்த பிளாஸ்டிக் உறைகள், வளையும், கொஞ்சம் வாடை வரும் என்றார். பிவிசி. அந்த இடத்தில்தான் "வாங்காதீங்க" என்றேன். முதலில் அந்த உறைகளைத் தூக்கிப் போடுங்கள், அமிலம் இல்லாத காகித உறை வாங்குங்கள், நிறமி மை போடும் இங்க்ஜெட்டில் அடியுங்கள். நிறமி தண்ணீரில் கரையாத துகள், கருப்புக்கு அதே கார்பன்தான். அடைப்பு வந்தால் வரட்டும், எழுத்து நிற்கும்.

"அப்போ நீங்க மட்டும் ஹெட் மாத்தி வச்சிருக்கீங்களே?" என்று கேட்டார்.

என் டிராயரில் லேபிள் வெளுத்தால் திறந்து பார்ப்பேன், உள்ளே இருப்பது என்னவென்று தெரியும், ஐந்து நொடியில் புதிதாக ஒன்று அடித்து ஒட்டிவிடுவேன். உங்கள் அப்பாவின் படத்தில் நிற்பது யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும், அவருக்கு இப்போதே எண்பத்திரண்டு வயது என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், காகித உறை என்றால் பிரிண்டரே வேண்டாமே, அப்பா சொல்லச் சொல்லப் பென்சிலில் எழுதிவிடலாமே, எந்தப் பென்சில் நல்லது என்று கேட்டார். 2பி போதும், உறைக்குள் பிலிமைப் போடுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள் என்றேன்.