புது கேமரா பாடி வாங்கப் போய் ஒரு திருகாணியில் மாட்டிய கதை

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய்வந்தேன். பயணம், வீடு, உறவுகள் எல்லாம் நல்லபடியாகவே இருந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கேமராவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

போன மூன்றாம் நாளே தண்ணீருக்கடியில் படம் எடுக்கக் கடலில் இறங்கினேன். மேலே வந்து பார்த்தால் கேமராவைப் பூட்டிவைக்கும் தண்ணீர் புகாத பெட்டியான ஹவுசிங்கின் அடியில் இரண்டு ஸ்பூன் உப்புத் தண்ணீர். அதன் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடி, அதுவும் என்னுடைய நரைமுடி. பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, கசிவில்லை என்று காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவதுதான் என் வழக்கம். அன்று படகில் எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன். சட்டென்று பேட்டரியை உருவினேன், ஆனாலும் கேமரா கண் திறக்கவில்லை.

நிக்கான் டி7200. 2015இல் வந்த மாடல். வருத்தம்தான், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் குஷியும் இருந்தது. நிக்கானின் புதிய தலைமுறை கேமராவான இசட்8 வாங்க இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

முதலில் போனது 'எல்லா பிராண்டும் பார்க்கப்படும்' என்று போர்டு மாட்டிய ஒரு பெரிய சர்வீஸ் கவுண்டருக்கு. என் டோக்கன் 47, திரையில் 31. அந்தக் காலத்தில் டோக்கன் கிடையாது. முட்டி மோதிக் கையை நீட்டினால் யாராவது வாங்கிக்கொள்வார்கள். இப்போது டோக்கனும் இருக்கிறது, முட்டி மோதலும் இருக்கிறது. 52, 55, 58 எல்லாம் "ஒரே ஒரு டவுட்டு மேடம்" என்று எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. ஒன்றே முக்கால் மணி நேரம்.

படிவத்தில் கைபேசி எண்ணுக்குப் பத்து கட்டம். என் வெளிநாட்டு எண் அதில் அடங்கவில்லை. அக்காவின் எண்ணைக் கொடுத்து, அக்காவை அழைத்து, ஓடிபி கேட்டு வாங்கினேன். அப்புறம்தான் அந்தப் பெண் கேமராவையே பார்த்தார். "வாட்டர் டேமேஜா சார்? போர்டு போயிருக்கும். எக்ஸ்சேஞ்சுல புது மாடல் எடுத்துக்கோங்க." பேட்டரி மூடியைக்கூடத் திறக்கவில்லை. நான் வாழும் நாட்டில் பார்சலில் அனுப்பினால் மூன்று வாரம் கழித்து இதே பதில் மின்னஞ்சலில் வரும். அங்கே அதை வீட்டில் உட்கார்ந்தபடி வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம். கையெழுத்துப் போட்டுக் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

"மாடியில ஒருத்தர் இருக்கார், வா" என்று மறுநாள் அத்தான் அழைத்துப் போனார். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பெரியவர். டோக்கன் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பொட்டியையும் கொண்டாந்தீங்களா தம்பி?"

ஹவுசிங்கைத்தான் கேட்கிறார். எடுத்துப் போயிருந்தேன். பேட்டரி அறையைத் திறந்து, தொடுமுனைகளில் பூத்திருந்த உப்பைச் சின்ன பிரஷ்ஷாலும் ஆல்கஹாலாலும் பொறுமையாகத் துடைத்தார். உலரவிட்டு, வேறொரு பேட்டரி போட்டார். உயிர் வந்துவிட்டது!

"ஓடும். ஆனா உப்பு பட்டது, இதை நம்பி மறுபடி கடலுக்குப் போகாதீங்க."

நான் உற்சாகமாக இசட்8 திட்டத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மிக அகலமாகக் காட்டும் என் டொகினா 10-17 ஃபிஷ்ஐ லென்ஸைக் கழற்றினார். பாடியின் வளையத்தில் திருகாணி முனை மாதிரி ஒன்று லேசாக நீட்டிக்கொண்டிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த லென்ஸுல மோட்டார் இல்ல. பாடியில இருக்கிற மோட்டார்தான் இது வழியா அதைச் சுத்துது. புதுசுல இது இருக்குதா?"

இல்லை. இசட்8-லும் இல்லை, பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. ஃபோகஸை நான்தான் கையால் திருப்ப வேண்டும், அதுவும் தண்ணீருக்கடியில். எட்டு வருடமாக இதே லென்ஸில் எடுத்துவருகிறேன், அந்தத் திருகாணியை ஒரு நாளும் கவனித்ததில்லை. பெரியவரோ கடலில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கியதே இல்லையாம்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஹவுசிங் ஒரே ஒரு மாடலுக்காகக் கடைந்தது. பொத்தான் அரை சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் பயனில்லை. ஆகவே புது பாடி என்றால் புது ஹவுசிங், பல சமயம் அது பாடியைவிட விலை கூடுதல். டொகினா, டி7200-இல் இருப்பது போன்ற சின்ன சென்சாருக்கான (படம் பதிவாகும் சில்லு) லென்ஸ். பெரிய சென்சார் கொண்ட இசட்8-ஐ அந்த அளவுக்குக் குறுக்கினால் 45 மெகாபிக்சல் 19 ஆகிவிடும். என் கிழட்டு டி7200-இல் 24. பழைய பாடியின் குட்டி ஃப்ளாஷ்தான் ஒளியைக் கடத்தும் ஃபைபர் கேபிள் வழியாக ஸ்ட்ரோபை, அதாவது வெளியே மாட்டும் பெரிய ஃப்ளாஷை, தூண்டுகிறது. இசட்8-இல் ஃப்ளாஷே இல்லை, அதற்குத் தனியாக ஒரு எல்இடி ட்ரிகர் வேண்டும். ஃப்ளாஷோடு போகக்கூடிய ஷட்டர் வேகமும் இரண்டிலும் 1/250 நொடிதான், சூரியன் பின்னணியில் தெரியும்படி எடுக்க அதில் லாபமில்லை. பேட்டரியை, தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவுகோல்படி பார்த்தால், ஒரு சார்ஜில் பழையது 1,110 படம், புதியது 400-ஐக்கூடத் தொடாது. இரண்டு முங்கலுக்கு நடுவே படகில் ஹவுசிங்கைத் திறப்பதற்கு எனக்கு இனிமேல் தைரியம் கிடையாது.

இசட்8 மோசம் என்று சொல்லவில்லை. ஓடும் மீனை அது விடாமல் பிடிக்கும். வீடியோ எடுப்பவர்களும் இயற்கை வெளிச்சத்திலேயே எடுப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு மாறலாம். ஆனால் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. அதை ஸ்ட்ரோபால் திருப்பிக் கொண்டுவரும் என் மாதிரி ஆட்கள் ஐஎஸ்ஓவை, அதாவது குறைந்த வெளிச்சத்துக்காகக் கூட்டும் அளவை, 200-க்கு மேல் ஏற்றுவதே அபூர்வம். இருட்டில் பார்க்கும் சென்சாரை வாங்கி நான் என்ன செய்ய?

மறுநாள் பெரியவரிடம் போய் இன்னொரு டி7200 கிடைக்குமா என்று கேட்டேன். "நேத்தே சொல்லி வெச்சுட்டேன்" என்றார். இரண்டு நாளில் வந்தது. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொன்னார், அப்புறம் ஹவுசிங்கில் வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினார். பம்ப் போட்டு இரவு முழுக்க விட்டேன். விடிந்து பார்த்தபோதும் பச்சைதான்.

இங்கே திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நேற்று அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "டேய், உன் கேமரா பரிசீலனையில் இருக்குதுன்னு இன்னிக்கும் ஒரு மெசேஜ் வந்துச்சு. என்னன்னு பதில் போட?"