முக்கோணம் பன்னிரண்டில் நிற்கவில்லை: ஒரு டைவ் வாட்சோடு இரண்டே கால் வருடம்

எந்த பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். சுவிஸ் டைவ் வாட்ச், ஆட்டோமேட்டிக், 300 மீட்டர், செராமிக் பெசல் (டயலைச் சுற்றி கிளிக் கிளிக்கென்று திருகும் வளையம், தண்ணீருக்குள் போன நேரத்தைக் கணக்கிட; அதன் தொடக்கக் குறிதான் முக்கோணம்). என் நான்கு மாதச் சம்பளம். நீச்சல் குளத்தில் இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாத எனக்கு 300 மீட்டர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள், இன்றுவரை பதில் இல்லை.

வாங்கி மூன்றாம் நாள் ஆபீஸில் ஒரு போரடிக்கும் மீட்டிங்கில்தான் கவனித்தேன். பெசலின் முக்கோணம் பன்னிரண்டு மணிக் கோட்டுக்கு நேராக இல்லை, வலது பக்கம் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. கடையில் அந்த லைட்டுக்கும் அவர்கள் தந்த காபிக்கும் நடுவில் இதெல்லாம் கண்ணில் படுமா? ஒரு முறை பட்டுவிட்டதா, அப்புறம் மணி பார்க்கும்போதெல்லாம் அதுதான் முதலில் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெசல் டயலைவிட உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலே நேராக இருப்பதும் கோணலாகத் தெரியும். கிட்டே வைத்து எடுத்த போட்டோவும் அப்படித்தான் ஏமாற்றும். வாட்சை மேசையில் வைத்துவிட்டு, போனை நேர் மேலே தள்ளிப் பிடித்து, ஜூம் செய்து எடுத்தேன். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பார்த்தால் டயலில் தப்பில்லை, பெசல்தான் அரை கிளிக் தள்ளியிருக்கிறது. இது 120 கிளிக் பெசல், ஒரு கிளிக் என்பது 3 டிகிரி, அதாவது அரை நிமிடம். ஆக என் பிரச்சினையின் மொத்த அளவு ஒன்றரை டிகிரி. டைவிங் நேரக் கணக்கில் பார்த்தால் பதினைந்து நொடி! இதற்காகத்தான் தூக்கம் போனது.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்" என்றார். எல்லாவற்றிலும் இருக்காது, நான் ஷோகேஸில் இருந்த மற்ற இரண்டைப் பார்த்தேன், நேராகத்தான் நின்றன. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள், சர்வீஸுக்கு அனுப்பலாம் என்றார்கள். சரி என்று அனுப்பினேன். ஐந்து வாரம். கை வெறிச்சென்று இருந்தது, பழைய குவார்ட்ஸ் வாட்சுக்கு பேட்டரி போட்டுக் கட்டிக்கொண்டேன். திரும்பி வந்த காகிதத்தில் ஒரே வரி: அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது. பெசலை யாரும் தொடவே இல்லை.

இது போதாதென்று, வந்த வாட்ச் வேகமாக ஓட ஆரம்பித்தது. வாங்கியபோது ஒரு நாளைக்கு 3 நொடி வேகம். குரோனோமீட்டர் என்ற துல்லியச் சான்றுக்கு நாளைக்கு 4 நொடி மெதுவிலிருந்து 6 நொடி வேகம் வரை போகலாம் என்பதால் அதில் எனக்குக் குறையே இல்லை. இப்போது 22 நொடி. பதறிப்போய் பாரிமுனைப் பக்கம் எனக்குத் தெரிந்த பழைய ரிப்பேர்காரர் ஒருவரிடம் போனேன். மூடியைத் திறக்கச் சொல்லப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்த எடுப்பிலேயே "திறக்க மாட்டேன் தம்பி, வாரன்டி போயிடும்" என்றார். பிறகு ஒரு சின்ன திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் கொண்டுபோனார். முள் ஆடியது. காந்தம் ஏறியிருக்கிறது. வாட்சின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், வாட்ச் வேகம் பிடிக்கும். சிலிக்கான் ஸ்பிரிங் என்றால் இந்தத் தொல்லை இல்லை, என்னுடையதில் அது இல்லை. காந்தம் போக்கும் டப்பா மேல் ஒரு தடவை காட்டி எடுத்தார், அரை நிமிட வேலை. காசு வேண்டாம் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். மறுநாளே பழைய 3 நொடிக்கு வந்துவிட்டது. காந்தம் சர்வீஸுக்கு அனுப்பிய இடத்தில் ஏறியதா, ராத்திரியில் ப்ளூடூத் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த என் புத்தியால் ஏறியதா என்று சொல்லத் தெரியவில்லை. ஸ்பீக்கர் இப்போது வேறு அறையில்.

பெசலைத் திரும்ப அனுப்பவில்லை. அதைக் கழற்ற மூடியைத் திறக்க வேண்டியதில்லை, வெளியிலிருந்தே நெம்பி எடுக்கலாம்தான். ஆனால் நெம்பும்போது கேஸில் ஒரு கீறல் விழுந்தால்? ஒன்றரை டிகிரிக்காக அந்த ரிஸ்க் வேண்டாம் என்று விட்டேன். நேரம் தப்பினாலோ கண்ணாடிக்குள் பனி படிந்தாலோ விட்டிருக்க மாட்டேன், சண்டை போட்டிருப்பேன்.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. 70 மணி நேரம் தாங்குகிறது, வெள்ளிக்கிழமை ராத்திரி கழற்றி வைத்தால் திங்கள் காலை சாவி கொடுக்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது. சஃபையர் கண்ணாடியில் இதுவரை ஒரு கோடு இல்லை. ஸ்டீல் செயின்தான் சென்னை மே மாதத்துக்கு ஆகாது, வியர்வையும் அழுக்கும் சேர்ந்து இணைப்புகளில் கறுப்பாகப் படிகிறது. பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், பக்கத்தில் சாவி கொடுக்கும் திருகான கிரவுன் இறுக்கித் திருகியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்வேன். கோடையில் ரப்பர் ஸ்ட்ராப். கொக்கியில் பைக் ஹேண்டில் உரசி ஒரு நீளக் கீறல், அது முழுக்க நான் போட்டது. முக்கோணத்தைவிடப் பத்து மடங்கு பெரிசு, ஆனால் அது கண்ணை உறுத்துவதே இல்லை, ஏனோ.

போன மாதம் நண்பன் இதே மாடல் வாங்கினான். என்னையும் கடைக்குக் கூட்டிப்போயிருந்தான். பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) வாங்கி, பெசலை ஒரு முழுச் சுற்று சுற்றி, பன்னிரண்டில் நிறுத்திப் பார்த்தேன். கச்சிதமாக நேரே நின்றது. "நல்லா இருக்குடா, எடுத்துக்கோ" என்றேன். வீட்டுக்கு வந்து என் வாட்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான், வேறென்ன.